ராஜாவின் பின்புறம்

எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னேரி பக்கம் கல்வட்டம் என்கிற ஆதிகாலப் புதைகுழி ஒன்றைத் தோண்டினோம். பழங்காலத்து ஆட்களின் எலும்பைப் பார்த்து, யார் வயிறாரத் தின்றார்கள், யார் மாடாய் உழைத்தார்கள் என்று கண்டுபிடிப்பது பேராசிரியரின் வேலை. அவர் சொல்வதை நோட்டில் எழுதுவது மாணவனான என் வேலை. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்காரர் மகன் என்று எல்லோரிடமும் அளந்துவிட்டிருந்தேன். உண்மையில் அப்பா கூலிக்கு நெய்பவர். நானும் கல்லூரியில் சேரும்வரை குழித்தறியில் உட்கார்ந்தவன்தான்.

கல்வட்டத்துக்கு நடுவில் முழுசாக ஓர் ஆள் கிடைத்தார். இடுப்பெலும்பின் அடியில், நாம் உட்காரும் இடத்தில், இரண்டு பக்கமும் எலும்பு கரடுமுரடாகத் தடித்திருந்தது. குதிரை மேலேயே வாழ்ந்தவர், இந்தப் பகுதியின் தலைவர் என்று பேராசிரியர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணையாருக்கு அது போதும். தன் முப்பாட்டன் ராஜா என்று ஊரெல்லாம் சொல்லி, தினமும் குழியோரம் ஒரு சாமந்தி மாலை வைத்தார். கடைக்காரர் மகனான எனக்கு “வாங்க தம்பி” என்று ஒரு நாற்காலி. வலியை மறைத்துக்கொண்டு அதில் நேராக உட்காருவேன்.

அந்தத் தடிப்பு எனக்குத் தெரிந்த தடிப்பு. தறிக்குழி விளிம்பில் நாளெல்லாம் உட்கார்ந்தால் முதலில் தோல் காய்த்துப்போகும், பிறகு உள்ளே வலிக்கும். எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒருக்களித்துத்தான் உட்காருவார்கள். சொன்னால் என் பட்டுக்கடை கவிழும். சொல்லாவிட்டால் ஒருத்தர் ஆயுசு முழுக்க உழைத்த உழைப்பைக் குதிரை கொண்டுபோய்விடும்.

மூன்றாம் நாள் வாயைத் திறந்தேன். குதிரை இல்லை சார், கட்டாந்தரையில் உட்கார்ந்து செய்த வேலை என்றேன். உனக்கெப்படித் தெரியும் என்றார் பேராசிரியர். பண்ணையாரும் பக்கத்தில் நின்றார்.

“எனக்கும் அங்கேயே காய்ச்சிருக்குது சார். நான் தறி நெய்யறவன். வேணும்னா பாருங்க.”

நல்லவேளை, பேராசிரியர் பார்க்கவில்லை. என் நோட்டை வாங்கி, ‘தலைவர்’ என்பதை அடித்துவிட்டு ‘உழைப்பாளி’ என்று எழுதினார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

மறுநாள் சாமந்தி மாலை வரவில்லை. நாற்காலியையும் காணோம். பண்ணையார் குழியோரம் வந்து நின்று என்னைக் கேட்டார்.

“இன்னாபா, அந்த எலும்ப இன்னும் அள்ளலியா?”

ராஜாவுக்கும் எனக்கும் ஒரே நாளில் பதவி போயிருந்தது. எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் வரவில்லை. குழிக்குள் இறங்கி, ராஜாவின் பக்கத்தில் வெறும் தரையில், எல்லோர் கண்ணெதிரிலும் ஒருக்களித்து உட்கார்ந்தேன்.