தேத்தண்ணிக் கடைக்கு ஓர் அனுமதிப்பத்திரம்

உத்தியோக காலத்தில் என்னைப் பயிற்சிக்கென்று யப்பானுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு தேநீர் அறையில் முழங்கால் மடித்து இருத்தி, கிண்ணத்தை எந்தக் கையால் எடுப்பது, எத்தனை தரம் திருப்புவது என்று ஒரு மணித்தியாலம் காட்டினார்கள். எங்கள் கந்தோரைவிட விதி கூடிய இடமும் உலகத்தில் இருக்கிறது என்பதில் எனக்கு மெத்தத் திருப்தி. பிறகு லண்டனில் மகள் ஒரு தேநீர்ச்சாலைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு கிழமைக்கு முன்பே கதிரை பதிய வேண்டுமாம்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நான் போகும் கடைக்கு விதியும் இல்லை, பதிவும் இல்லை. தகரக் கூரை, சீமெந்தில் நட்ட நாலு தூண், இருந்து குடிக்க ஒரு வாங்கு. நயினாதீவுப் படகுக்கு நிற்கும் சிங்கள யாத்திரிகருக்குப் பிளேன்டீ, எங்கள் ஆட்களுக்குப் பால்தேத்தண்ணி, நீரிழிவுக்காரனான எனக்குச் சீனி போடாத இஞ்சித் தேத்தண்ணி. கேட்காமலே வரும். கணவனை இழந்த பெண் ஒருத்தி நடத்துகிறாள். அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பும் அந்த அடுப்பில்தான் நடக்கிறது.

அனுமதியில்லாமல் ஒரு கடை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அது என் வியாதி. ‘முறைப்படி விண்ணப்பிப்பம் தங்கச்சி, பிறகு ஒருத்தரும் அசைக்க ஏலாது’ என்று நானே படிவம் நிரப்பி, அவளிடம் ஒப்பம் வாங்கி, மூன்று பிரதியில் பிரதேச சபைக்கு அனுப்பினேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளப்பார் என்று நாள் குறித்துப் பதில் வந்தது.

முதலே செய்திருக்க வேண்டியதை அதற்குப் பிறகுதான் செய்தேன். கடை பூட்டியிருந்த ஒரு மத்தியானம் போய், வீதி நடுவிலிருந்து முன்தூண் வரை அளந்தேன். விதித்த தூரத்துக்கு ஒன்றரை அடி குறைந்தது. அப்படி நிற்கும் கடைகளை அகற்றச் சொல்லி என் காலத்தில் நானே பல பேருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அதன் வசனம் இன்னும் மனப்பாடம்.

குறித்த நாளன்று முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். சட்டைப் பையில், விண்ணப்பத்தை மீளப்பெறும் கடிதம். அவள் ஒப்பமிட்டால் போதும். அதற்கு முதலில் நான் வாய் திறக்க வேண்டும்.

‘என்ன ஐயா, தேத்தண்ணி ஆறுது. சோதினை எழுத வந்த பிள்ளை மாதிரி இருக்கிறியள்.’

சொன்னேன். ஒன்றரை அடியையும் சொன்னேன். கடிதத்தை நீட்டினேன். அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

‘நீங்கள் எழுதுமட்டும் நாங்கள் இஞ்ச இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியாது’ என்றாள். பிறகு, ‘இப்ப தெரிஞ்சு போச்சு. வேண்டாமெண்டு எழுதிக் குடுத்தால், ஏன் வேண்டாமெண்டவள் எண்டு பாக்க வருவினம்தானே?’

நாற்பது வருஷம் கந்தோர்க் கோவைகளோடு கிடந்த எனக்கு அது தோன்றவில்லை. கடிதத்தை மடித்து என் கையிலேயே வைத்தாள்.

உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இளம் பெண். தனியாகத்தான் வந்திருந்தார்.

‘ஐயா, இந்த நாடா நுனியைப் பிடிச்சுக்கொண்டு றோட்டு நடுவில ஒருக்கா நில்லுங்கோ.’

உப்புக் காற்றில் ஓரம் உதிர்ந்த அந்த வீதியில் கோடு ஒன்றும் மிஞ்சவில்லை. நடு எதுவென்று தீர்மானிக்கும் அதிகாரம் என் செருப்புக்கு வந்தது. ஒன்றரை அடி அப்பால் தள்ளி நின்றேன். நாடாவை இழுத்துப் பிடித்தேன்.

அவர் நாடாவைப் பார்த்தார், வீதியின் இரண்டு கரைகளையும் பார்த்தார், கடைசியாக என் காலைப் பார்த்தார்.

‘கொஞ்சம் இஞ்சால வாங்கோ ஐயா.’

வந்தேன்.

‘முன்தூண் ரெண்டும் ஒண்டரை அடி முன்னுக்கு நிக்குது அக்கா. ஒரு மாதத்துக்குள்ள பின்னால எடுத்தால் அனுமதிக்குச் சிபாரிசு செய்யலாம். இல்லாட்டிக் கடையை எடுக்கச் சொல்லித்தான் கடிதம் வரும்.’

‘எடுக்கிறன் மிஸ். வாங்கு போட இடம் இராது. ஆக்கள் நிண்டு குடிக்கட்டும்.’ என்னைத் திரும்பிப் பார்த்தாள். ‘ஐயாவும்தான்.’

வாங்கு அன்றே போய்விட்டது. தூண்கள் இன்னும் நிற்கின்றன. நாளைக்கு வருவதாக மேசன் மூன்று தரம் சொல்லிவிட்டான். காலையில் அவனுக்கு ரெலிபோன் எடுப்பதும், நின்றபடி இஞ்சித் தேத்தண்ணி குடிப்பதும்தான் இப்போது என் வேலை. மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது.