முன் சீட்டு

எங்கள் ஊரில் யார் வாடகைக் கார் பிடித்து டூர் போவதென்றாலும் முதலில் என்னைத்தான் தேடி வருவார்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் ஊர். நான் பாறசாலையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மே மாதம் பிறந்தால் எனக்கு லீவு, ஊருக்கு டூர். கோயில்காரர்கள் பழனி, திருச்செந்தூர் என்பார்கள். சர்ச்சுக்காரர்கள் வேளாங்கண்ணி என்பார்கள். எதுவானாலும் கூடவே ஒரு மலையும் வேண்டும்; கொடைக்கானலோ ஊட்டியோ மூணாறோ. சாமியைப் பார்த்த கையோடு கொஞ்சம் குளிரையும் பார்த்துவிட்டு வந்தால்தான் எங்கள் ஆட்களுக்குப் போன காரியம் முடிந்த மாதிரி இருக்கும்.

இதற்கென்று என்னிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. எந்த லாட்ஜில் வெந்நீர் வரும், எந்த ஓட்டலில் சாம்பார் புளிக்கும், எந்த இடத்தில் பெண்களுக்கு ஒதுங்க வசதி உண்டு என்று எல்லாம் அதில் இருக்கும். இந்த ஊழியத்துக்கு நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. ஒன்றே ஒன்று தவிர. முன் சீட்டு எனக்கு வேண்டும். அம்பாசடர் காரின் முன்பக்கம், டிரைவருக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் நான். எனக்கும் டிரைவருக்கும் நடுவே என் பை, பிளாஸ்க், நோட்டு, துவர்த்துத் துண்டு. பின்னால் நான்கு பேர் மடியில் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக் கிடந்தாலும் ஒரு பிள்ளையைக்கூட முன்னால் ஏற்ற விடமாட்டேன். டிரைவருக்குத் தொந்தரவு என்று சொல்லிவிடுவேன். டிரைவர் ஒன்றும் சொல்லமாட்டார்.

பின்னால் யாராவது வாந்தி எடுத்தால் எனக்கு இளக்காரம். திரும்பிப் பார்த்து, "மலைக்கு வரணும்னா வயிறு கொஞ்சம் உறைப்பா இருக்கணும்" என்பேன். இது இரும்பு என்று என் வயிற்றைத் தட்டியும் காட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இத்தனை டூரிலும் என் மனைவி வந்ததில்லை. கல்யாணம் முடிந்த புதிதில் சொந்தக்காரர்களோடு ஒரே காரில் தென்மலை வழியாகக் குற்றாலத்துக்குப் போனோம். அவள் போகும்போது ஏழு தடவையும் வரும்போது அஞ்சு தடவையும் வாந்தி எடுத்தாள். எண்ணினது நான்தான். அருவியைப் பார்க்காமல் ஒரு மரத்தடியில் படுத்தே கிடந்தாள். அன்றோடு நான் தீர்ப்பு சொல்லிவிட்டேன், இவளுக்குக் காரும் மலையும் ஒத்துவராது என்று. அவளும் அதை நம்பிவிட்டாள். அதன்பிறகு பதினொரு வருஷம் நான் போய் வந்தேன். அவள் வீட்டில் மிஷினில் ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுவரும் பஞ்சாமிர்தத்தையும் யூகலிப்டஸ் தைலத்தையும் அவள்தான் அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைப்பாள். டூர் கதை கேட்க வருகிறவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுப்பதும் அவள்தான்.

அந்தக் கதைகளில் ஒன்று கொடைக்கானல் பனிமூட்டம். லாட்ஜில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து கட்டிலில் உட்காரும் என்று வருஷா வருஷம் சொல்வேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம், என் அக்காளும் அத்தானும் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போக வேண்டுமென்று வந்திருந்தார்கள். நான் நோட்டை விரித்துப் பாதை சொல்லிக்கொண்டிருந்தபோது மனைவி சாயா டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நானும் வாறேன்."

"ஒனக்கு ஒத்துவராதுன்னு தெரியாதா?"

"தெரியும். ஆனாலும் அந்த மேகம் கட்டில்ல வந்து இருக்கத நான் ஒருக்கா காணணும். பெறவு நான் எங்கயும் கேக்கமாட்டேன்."

அக்காள் இருக்கும்போது என்னால் மறுக்க முடியவில்லை. மகளைப் பாலராமபுரத்தில் மனைவியின் தங்கை வீட்டில் விட்டோம். விடியற்காலையில் அம்பாசடர் வந்தது. டிரைவர் உதயன்குளங்கரைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாத ஆள். நான் முன் சீட்டில் ஏறினேன். பின்னால் ஒரு ஜன்னல் அக்காளுக்கு. வழியில் காணும் கோயிலையெல்லாம் கும்பிட வேண்டும். இன்னொரு ஜன்னல் அத்தானுக்கு; மூட்டுவலி, காலை நீட்ட வேண்டும். மனைவி நடுவில். களியக்காவிளை செக்போஸ்டில் பெர்மிட் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

நாகர்கோவில் தாண்டும்போதே அவள் பேச்சு நின்றுவிட்டது. ஆரல்வாய்மொழியில் காற்றாடி யந்திரங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் கையை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "வண்டிய நிப்பாட்டுங்க" என்றாள். ரோட்டோரம் குத்தவைத்து வாந்தி எடுத்தாள். வள்ளியூரில் ஒன்று, கயத்தாறில் ஒன்று. "நான் சொன்னேன் இல்லியா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். மூன்றாம் தடவை டிரைவர் என்னைப் பார்த்தார்.

"சாறே, சேச்சிய முன்ன இருத்தணும். காத்து கிட்டினா செரியாவும்."

"எனக்கு வழி சொல்லணும்லா?"

"வழி எனக்குத் தெரியும் சாறே."

எனக்குச் சுருக்கென்றது. நோட்டைப் புரட்டினேன். பழனி போய்ச் சேரும்போது மனைவி துவண்டுபோயிருந்தாள். எலுமிச்சங்காயை மூக்கில் வைத்தபடி இறங்கினாள். ஆனாலும் விஞ்சில் ஏறி, வரிசையில் நின்று, முருகனைக் கண்குளிரக் கும்பிட்டாள். அடிவாரத்து லாட்ஜுக்குத் திரும்பியதும் பாயில் உட்கார்ந்து, ஏற்கெனவே முடிவு செய்துவைத்திருந்ததைச் சொன்னாள்.

"நாளைக்கு நீங்க மூணு பேரும் மலைக்குப் போயிட்டு வாங்க. நான் இங்க ரூம்ல இருக்கேன். நீங்க சொன்னது செரிதான். எனக்கு ஒத்துவராது."

அழவில்லை. சண்டையும் போடவில்லை. கொடைக்கானலுக்கென்று புதிதாக வாங்கிய ஸ்வெட்டரை மடித்து அக்காளிடம் கொடுத்து, "மைனி, நீங்க போட்டுக்கிடுங்க" என்றாள். எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. ஆனால் கஷ்டத்தின் கூடவே, நான் சொன்னது பலித்துவிட்டதே என்று ஒரு சின்ன திருப்தியும் இருந்தது. அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

காலையில் அக்காள் காரருகே நின்று ஸ்வெட்டரை என் கையில் திணித்தாள்.

"எலே, நீ பின்னால ஏறு. அவ முன்னால இருக்கட்டு. அவ வராம நாங்க ஒருத்தரும் மலைக்கு இல்ல."

"அவ முன்னால இருந்தாலும் எடுப்பா. காரியம் சீட்டுல இல்ல, வயித்துல ஆக்கும்."

"அப்ப நீ எங்க இருந்தா ஒனக்கு என்னலே? ஒனக்குத்தான் இரும்பு வயிறுல்லா?"

அத்தான் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. நடுவில் கிடந்த பை, பிளாஸ்க், நோட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பின்னால் போய், அக்காளுக்கும் அத்தானுக்கும் நடுவில் விறைப்பாக உட்கார்ந்தேன். மூன்றாவது வளைவில் அவளே சீட்டைத் திருப்பித் தருவாள் என்று நிச்சயமாக நம்பினேன். வழியனுப்ப வந்து நின்ற மனைவி தயங்கித் தயங்கி முன்னால் ஏறி, ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கினாள்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுகிற ரோடு அப்போது ஒடுக்கமானது. முதல் வளைவில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் டிரைவரின் பிடரியைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை என்பதைக் கவனித்தேன். ரோடு எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று தெரியாமல் உடம்பு மட்டும் திரும்பியது. இடப்பக்கம் அக்காள்மேல் சாய்ந்தேன், வலப்பக்கம் அத்தான்மேல். அத்தானின் தைலவாசம், டீசல் புகை, அக்காள் தலையில் நேற்று வைத்த பூ. நான்காவது வளைவில் வாயில் உமிழ்நீர் ஊறியது. காலையில் தின்ற வடையாக இருக்கும் என்று நினைத்தேன். அஞ்சாவது வளைவில் நினைக்க நேரமில்லை.

"நிப்பாட்டும்!" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, குடல் வெளியே வந்துவிடும் என்கிற அளவுக்கு வாந்தி எடுத்தேன். மனைவி இறங்கி ஓடிவந்து முதுகைத் தடவினாள். "என்ன பற்றி, என்ன ஆச்சு?" என்றாள். "வடை" என்றேன். மறுபடி ஏறினேன். எட்டாவது வளைவில் வடை என்று சொல்ல வயிற்றில் வடை மிச்சமில்லை. பத்தாவதில் அக்காள் ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் தந்து, "மலைக்கு வரணும்னா வயிறு உறைப்பா இருக்கணும், மக்கா" என்றாள். அத்தான் ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

கவரை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நேற்று முழுவதும் அவள் இருந்தது இந்த இடம். குற்றாலத்துக்குப் போனபோதும் இதே இடம். எனக்கு ஒரு இரும்பு வயிறும் கிடையாது. பதினொரு வருஷமாக நல்ல சீட்டில் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த மலைமேல், அந்த நிலைமையில், எனக்கு என்மேல் வந்த வெட்கத்துக்கு அளவில்லை.

முன்னாலோ வேறு உலகம் நடந்துகொண்டிருந்தது. மனைவி காற்றில் பறக்கும் முடியை ஒதுக்கிக்கொண்டு மைல்கல்லையும் போர்டையும் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். "இனி பதினெட்டு கிலோமீட்டர்... யானை வரும், கவனம்... மைனி, அந்தா பாருங்க, கீழ நம்ம வந்த ரோடு!" டிரைவரிடம் மரங்களின் பெயர் கேட்டாள். அதிகம் பேசாத டிரைவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். என்னிடம் அந்த ஆள் அப்படிப் பேசியதே இல்லை. ஒருதடவைகூட அவள் எலுமிச்சங்காயைத் தேடவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. அவ்வளவு கிறக்கத்திலும் அது எனக்கு நன்றாக இருந்தது.

கொடைக்கானலில் என் நோட்டில் இருந்த லாட்ஜிலேயே அறை கிடைத்தது. மூன்று மணிவாக்கில் பனிமூட்டம் இறங்கியது. அவள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்தாள். வெள்ளையாக மெதுவாக உள்ளே வந்தது. கட்டில்மேல் ஏறியது, கம்பளி நனைந்தது. அவள் கையை அதற்குள் விட்டு எடுத்துப் பார்த்தாள், முகத்தில் தடவிக்கொண்டாள்.

"நீங்க இத்தன வருஷம் சொன்னது பொய்யில்ல, கேட்டியளா."

"இன்னொண்ணு சொன்னேன். அது பொய்" என்றேன். "ஒனக்கு ஒத்துவராதுன்னு சொன்னது. ஒன்ன நடுவுல இருத்தினது எனக்க தப்பு."

அவள் சிரித்தாள்.

"எனக்கு மூணாவது வளைவுலயே மனசிலாச்சு. நீங்க எப்ப மனசிலாக்குவியன்னு பாத்துட்டு இருந்தேன். நீங்க அதுக்கு பத்து வளைவு எடுத்திய."

மூன்று நாள் இருந்தோம். ஏரியைச் சுற்றி நடந்தோம். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனோம். நான் நோட்டைத் திறக்கவே இல்லை; எங்கே போவது என்று காலையில் அவளும் அக்காளும் முடிவுசெய்தார்கள், நான் பின்னால் நடந்தேன். அது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

இறங்குகிற நாளில் வத்தலக்குண்டு வழியாகப் போவதாக ஏற்பாடு. சாமான்களை ஏற்றியபிறகு நான் பின்கதவைத் திறந்தேன். வளைவுகளை நினைத்ததுமே தொண்டை கசந்தது. என் முகத்தைப் பார்த்த அவள் முன்கதவருகே நின்றுவிட்டாள்.

"நீங்க முன்னால இருங்க. எனக்கு எல்லாம் கண்டு மனசு நெறஞ்சாச்சு. நான் பின்னால இருந்துக்கிடுவேன்."

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும், "வேண்டாம், நீயே இரு. கவர் உண்டு" என்றேன்.

"சத்தி எடுத்து கொடலு வெளிய வந்து சாவதுக்கா?"

இருவரும் கதவைப் பிடித்துக்கொண்டு மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அக்காள் உள்ளேயிருந்து, நேரமாகிறது என்று சத்தம் போட்டாள். டிரைவர் ஸ்டீயரிங்கில் கைவைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னார்.

"ரெண்டாளும் முன்ன கேறணும். இது அம்பாசடரல்லே சேச்சி? நீளச் சீட்டு. கியரும் ஸ்டீயரிங்கில ஆக்கும். மூணு பேருக்கு தாராளம் எடம் உண்டு."

மனைவி குனிந்து உள்ளே பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே மெத்தை. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏறி டிரைவரை ஒட்டி உட்கார்ந்தேன். அவள் என்னை ஒட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். இடம் வசதியாகவே இருந்தது. வண்டி இறங்கத் தொடங்கியது. ரோடு எனக்கு நன்றாகத் தெரிந்தது, வயிறும் சும்மா கிடந்தது. இரண்டு வளைவு தாண்டியபிறகு, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் அவள் கேட்டாள்.

"இந்த சீட்டு எப்பவும் இப்பிடித்தானா?"

"ஆமா."

"எல்லா வருஷமும் நீங்க போனது இப்பிடிப்பட்ட காருலதானா?"

"ஆமா."

"மூணு பேரு இருக்கலாம்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றேன்.

அவள் வெளியே பார்த்தபடியே என் தொடையில் நகம் பதிய ஒரு நுள்ளு நுள்ளினாள். பதினொரு வருஷத்துக்கும் சேர்த்து நுள்ளினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சத்தம் போடவில்லை, காலையும் நகர்த்தவில்லை.