“நல்லா இருக்கோம்” என்று இனி சொல்ல மாட்டேன்

போன வருடம் எல்லையில் சண்டை மூண்ட சமயம். ராணுவத்தில் இருக்கும் என் கணவர் அப்போதுதான் லீவில் நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தார். மூன்றாம் நாளே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்கே நிற்கிறார் என்று சொல்ல அவருக்கு அனுமதியில்லை. நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு நம்பரிலிருந்து கூப்பிடுவார். மூன்று நிமிடம் பேசினால் அதிகம்.

அவர் போன மறுவாரம் மாமியார் மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். தருமபுரிக்குக் கூட்டிப்போய் மாவுக்கட்டுப் போட்டு வந்தோம். வந்ததும் வராததுமாகக் கணவரின் அண்ணன் சட்டம் போட்டுவிட்டார்.

“துப்பாக்கி புடிச்சி நிக்கறவன்கிட்ட வூட்டுக் கஷ்டத்தப் பேசக் கூடாது. எல்லாரும் நல்லா இருக்கோம், அவ்வளவுதான்.”

பெரியவர் சொல்கிறாரே என்று நானும் தலையாட்டினேன். போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, வரிசையாக “நல்லா இருக்கோம்” என்போம். மாமியாரும் மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, “உம்பொண்டாட்டி என்னத் தங்கமா பாத்துக்கறாப்பா” என்பார். இப்படியே இரண்டு தடவை ஓடிவிட்டது.

மூன்றாவது தடவை ஒரு காலை வேளையில் கூப்பிட்டார். யாரையும் நலம் விசாரிக்கவில்லை. அவர் குரலே சரியில்லை.

“வூட்ல யாருக்கு என்ன ஆச்சு? எங்கம்மா ரெண்டு தடவையா உன்னப் பத்தி ஒரு கொறையும் சொல்லல. எதையோ மறைக்கிறீங்க. நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல.”

அவர் நிம்மதிக்காக என்று சொல்லிக்கொண்டு நாங்களேதான் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறோம். எதிரே அவருடைய அண்ணன், சொல்லாதே என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, அவரக் கட்டிக்கிட்டவ நானு. நான் சொல்றேன்” என்றேன். கணவரின் அண்ணனிடம் அதுவரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை.

எல்லாவற்றையும் கொட்டினேன். அத்தை விழுந்தது, எந்தக் கை, கட்டுப் பிரிக்க ஆறு வாரம், வேறு எங்கும் அடியில்லை. தோட்டத்து மோட்டார் எரிந்துபோய்த் தக்காளி வாடுவதையும் சேர்த்தே சொன்னேன்.

“இதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்க. இனி எதையும் மறைக்க மாட்டேன்.”

சொல்லி முடித்ததும், தப்புச் செய்துவிட்டேனோ என்று ஒரு கணம் பயந்துதான் போனேன். அதற்குள் மாமியார் போன் பக்கம் குனிந்து, இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் அவிழ்த்துவிட்டார்.

“ஏம்பா, கையி ஒடைஞ்சது கூடப் பெருசில்ல. இவ வெக்கற கொழம்பத்தான் வாயில வெக்க முடியல. உப்பும் இல்ல, ஒறைப்பும் இல்ல.”

அந்தப் பக்கம் கணவர் சிரித்தார். சிரித்து முடித்து, எரிந்த காயிலை மாற்றிக் கட்ட மோட்டாரை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் கட்டானது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

கணவரின் அண்ணன் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எவ்வளவு தூரத்தில் நின்றாலும் என் கணவர் இந்த வீட்டு ஆள். இந்த வீட்டின் கஷ்டத்தில் அவருக்கு உள்ள பங்கை, அவர் நன்மைக்கே என்று யார் வந்து கேட்டாலும் நான் விட்டுத்தர மாட்டேன்.