தையல்காரரின் செல்களை வளர்த்தவள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் ஐஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளிடமிருந்து அறுத்தெடுத்த கட்டித் துணுக்குகளை உறைபெட்டியில் அடுக்கி வைப்பதும், அவற்றின் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பதும் அவள் வேலை. பதினெட்டு வருடமாகச் செய்கிறாள். செல்களுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டுமென்று தங்கை கல்யாணத்திலிருந்து பாதியில் எழுந்து வந்தவள். வீட்டில் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

ஒருநாள் அவள் மேசை முன்னால் ஒரு தையல்காரர் வந்து நின்றார். இரைப்பைப் புற்றுநோய்க்காக மூன்று மாதம் முன்பு அவருக்குப் பாதி இரைப்பையை எடுத்திருந்தார்கள்.

"ஆராய்ச்சிக்கு எடுத்துக்கங்கன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேனேம்மா. அந்தக் கட்டி என்ன ஆச்சு?"

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. டாக்டரிடம் அனுமதி வாங்கி, அவருக்கு வெள்ளைக் கோட்டை மாட்டி உள்ளே அழைத்துப் போனாள். நுண்ணோக்கியில் இரண்டு தட்டுகளைக் காட்டினாள். இரண்டிலும் அவருடைய செல்கள்தான். முதல் தட்டில் ஈ மொய்த்த மாதிரி நெரிசல். இரண்டாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக.

"ஏம்மா இப்படி?"

"உங்க தொழில்லயே சொல்றேண்ணே. செல்லுக்குள்ள எதைத் தைக்கணும்னு அளவுச்சீட்டு போய்க்கிட்டே இருக்கும். மைக்ரோஆர்என்ஏன்னு ஒரு பொடிசு, சீட்டுல ஒட்டிக்கிட்டுத் தைக்க விடாது. உங்க கட்டியில அதுல ஒரு வகை ரொம்பக் குறைஞ்சு போச்சு. 'வளரு வளரு'ங்கிற சீட்டைத் தடுக்க ஆளில்லை. ரெண்டாவது தட்டுல அதைத் திரும்பப் போட்டோம்."

"எல்லாப் பொடிசும் நல்லதா?"

"இல்லண்ணே. சிலது நேர்மாறு. அடக்கி வைக்கிற சீட்டையே அமுக்கிட்டு, கட்டியை வளர்த்து விட்டுடும்."

"அப்போ அந்த நல்லதை எனக்கும் போட்டுடலாமே?"

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "தட்டுல நடக்குது. உடம்புல நடக்குமான்னு இன்னும் தெரியாதுண்ணே. இது இப்போ மருந்து இல்ல."

அவர் முதல் தட்டைக் குனிந்து பார்த்து, "சோறு போட்டவன் வயித்துலயே கை வைக்கிறீங்களாடா?" என்று திட்டினார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அறுவைச் சிகிச்சையும் அதன்பின் கொடுத்த மருந்தும் அவரைக் காப்பாற்றிவிட்டன. ஐந்து வருடமாகிறது. பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் முதலில் மாடியிலிருக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஏறி வந்து, "என் பசங்க எப்படி இருக்காங்க?" என்று விசாரிப்பார். போன முறை மனைவியையும் கூட்டி வந்திருந்தார்.

அந்த அம்மாள் நெரிசல் தட்டை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்படியே இவரேதான். யார் சொன்னாலும் கேக்காதுங்க."