கோட்டுக்கு அந்தப் பக்கம் போகாத காப்பு

பாப்பா, உன் கையில் கம்பி வைத்த அன்று நடந்ததை உனக்கும் தம்பிக்கும் எழுதி வைக்கிறேன். நீ உள்ளே படுத்திருந்ததால் இது உனக்குத் தெரியாது.

சைக்கிளிலிருந்து விழுந்து உன் முழங்கை எலும்பு உடைந்திருந்தது. நாமக்கல்லில் ஆபரேஷன் அறைக்கு முன்னால் தரையில் ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டி உன்னைத் தள்ளிப் போனார்கள். நான் இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். "கம்பி வெக்கிற எடத்துல கிருமி போயிருச்சுன்னா எலும்பே கெட்டுருமுங்க" என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

நான் வேலை செய்யும் கோழிப்பண்ணை வாசலிலும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி உண்டு. காலை நனைக்காமல் கொட்டகைக்குள் போகக்கூடாது. ஆனால் முதலாளி நனைக்காமல் போனால் யாரும் வாயைத் திறக்கமாட்டோம். இங்கே எப்படி என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டின காப்பு.

"சார், கயித்தக் கழட்டோணுங்க" என்றார் சிஸ்டர்.

"காப்புங்க சிஸ்டர். நோம்பி முடியாம அவுத்தா எங்கம்மா ஊட்டுக்குள்ள உடாது. மேல கிளவுஸ் போட்டுக்கறனே?"

"கயிறு இருந்தா கையச் சுத்தமாக் கழுவ முடியாதுங்களே. காலையில அட்டெண்டர இதுக்குத்தான் வெளிய நிக்க வெச்சேன். உங்கள உட்டா அப்பறம் எம் பேச்ச யாருங்க கேப்பா?"

என் பக்கத்தில் நின்ற அட்டெண்டர் தன் கயிற்றைத் தடவிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். டாக்டர் போனை எடுத்தார். அவர் அம்மா போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

"அவுத்ததக் கீழ போட்றாத சாமி! ஆரு கையிலயாச்சும் குடு. முடிஞ்சதும் மறுக்காக் கட்டிக்க. புள்ளைக்குன்னா ஆத்தா பொறுத்துக்குவா."

"எங்கம்மாளுக்கும் ஒரு போனப் போட்டுருங்க சார்" என்றார் அட்டெண்டர்.

டாக்டர் காப்பை அவிழ்த்து என் உள்ளங்கையில் வைத்தார். "பத்திரமுங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். முழங்கையாலேயே குழாயைத் திறந்து, விரல் விரலாக, அவ்வளவு நேரம் ஒருவர் கை கழுவி நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் காப்பை வைக்கலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் கையில் நீ, என் கையில் அவர் காப்பு. அப்படியே நின்றேன்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் கையை நீட்டினார். "கம்பி நல்லா உக்காந்துருச்சுங்க. கட்டி உடுங்க."

கட்டிவிட்டேன். பிறகு உன்னைத் தள்ளி வந்தார்கள். கன்னத்தைத் தொடப் போனேன்.

"இருங்க, மொதல்ல கையக் கழுவுங்க" என்றார் சிஸ்டர்.

நான் டாக்டரைப் பார்த்தேன்.

"கழுவிருங்க" என்றார் அவர். "என்னாலயே தப்பிக்க முடியல."