ஓரகத்தியின் கரண்டி

பள்ளி வேன் ஓட்டும் அவளுக்கு வீட்டில் பட்டாணி என்று பெயர். குட்டையாகவும் உருண்டையாகவும் இருப்பவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அவளும் அதற்காக முகம் சுளித்ததில்லை. வண்டியில் மட்டும்தான் சிக்கல். இருக்கையை முன்னால் இழுத்தால்தான் கால் பிரேக்கை எட்டும், இழுத்தால் வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கும். நெட்டையானவர்கள் சதை போட்டால் இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். இவளுக்கு அதற்கும் வழியில்லை.

லீவு விடுகிற அன்று பள்ளி மேலாளர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "ஸ்டியரிங்குக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு கையாவது நுழையணும்மா. பிள்ளைங்க ஏறுற வண்டி. ஸ்கூல் தொறக்கும்போது பாக்குறேன், சரியில்லேன்னா வேற ஆளைத்தான் போடணும்." அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அத்தனை தன்மையாகச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த வண்டியை ஓட்டும்போதுதான் அவளை யாரும் பட்டாணி என்று கூப்பிடுவதில்லை.

ஓரகத்தி துணைக்கு வந்தாள். கணவனின் அண்ணன் மனைவி, பட்டாணிக்கு அக்கா. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆள் நல்ல நெட்டை. "நானும் இளைக்கிறேன்டி, எனக்கும் தொப்பை போட்டுடுச்சு" என்றாள். எண்ணெய்க்கும் இனிப்புக்கும் இருவரும் முழுக்குப் போட்டார்கள். காலையில் பூங்காவைச் சுற்றி நடந்தார்கள். அக்கா கையை வீசி நடப்பாள், பட்டாணி ஓடாத குறையாகப் பின்னால் போவாள்.

சோற்றைக் குறைத்து இரண்டு தட்டிலும் ஒரே அளவாக வைத்தாள் அக்கா. அதில் அவள் படு கண்டிப்பு. மருமகள்கள் இருவருக்கும் ஒரு பருக்கை கூடாமல் குறையாமல் மாமியார் போட்ட வீடு அது. மாமியார் போன பிறகு கரண்டி அக்கா கைக்கு வந்தது. "ஓரவஞ்சனை பண்றான்னு யாரும் என்னைச் சொல்லிடக் கூடாது" என்பாள்.

சில வாரங்களில் அக்காவின் ரவிக்கைகள் தொளதொளத்தன. பட்டாணியின் எடையோ இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு நாள் பார்த்தால் பிஸ்கட் டப்பா அலமாரியின் உச்சித் தட்டில், பட்டாணிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

"எதுக்குக்கா அங்க வச்சீங்க?"

"எறும்பு வருது." அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மனசு கேட்காமல் கேட்டும் விட்டாள். "உண்மையைச் சொல்லு. யாருக்கும் தெரியாம ஏதாவது திங்கிறியா?"

பட்டாணிக்கு முகமெல்லாம் எரிந்தது. "என்னைத் திருடியாக்கிட்டீங்களேக்கா!" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அநியாயம்தானே? வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கிடந்தவளுக்குக் கிடைத்த பட்டம் அது.

உண்மை தெரிந்தாக வேண்டுமென்று அக்காவே அவளை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். டாக்டர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் பரிமாறுறது?"

"நான்தான். ரெண்டு பேருக்கும் ஒரே அளவு" என்றாள் அக்கா, பெருமையாக.

"தப்பே அதுதாம்மா. உங்களது பெரிய உடம்பு, சும்மா உட்கார்ந்திருந்தாலே நிறைய சக்தியைச் செலவழிக்கும். இவங்களது சின்ன உடம்பு. உங்களை இளைக்க வைக்கிற சாப்பாடு இவங்களுக்கு அளவான சாப்பாடு, அப்புறம் எப்படி இளைப்பாங்க? பட்டினியும் போட்டுடாதீங்க. சோறு கொஞ்சம் குறையட்டும், பருப்பு, முட்டை, காய் இருக்கட்டும். நடக்கிறதோட சேர்த்து நாற்காலியில உக்காந்து எந்திரிங்க, தண்ணி பாட்டிலைத் தூக்கி இறக்குங்க. மெதுவாத்தான் குறையும், பயப்படாதீங்க."

வீட்டில் அக்காவுக்குக் கை வரவில்லை. குறைத்து வைப்பாள், தட்டைப் பார்ப்பாள், மறுபடி அள்ளப் போவாள். கடைசியில் சின்னத் தட்டு ஒன்று வாங்கி வந்த பிறகுதான் அவள் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பட்டாணி உட்கார்ந்து எழுகிற சத்தத்தைக் கேட்டு, "உனக்கு முன்னாடி நாற்காலி இளைச்சிடும் போலிருக்கே" என்றான் கணவன். எடை ஆமையாக இறங்கியது. ஆனால் டப்பா உச்சியிலேயே இருந்தது. அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் பட்டாணியின் கண் அங்கேதான் போகும்.

பள்ளி திறந்த அன்று அக்காவும் கூடவே போனாள். மேலாளர் தயங்கி நிற்க, அவளே தன் கையை ஸ்டியரிங்குக்கும் பட்டாணியின் வயிற்றுக்கும் நடுவில் விட்டுக் காட்டினாள். "நல்லாப் பாருங்க சார், உரசாம போகுது." அவர் குனிந்து பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

மாலையில் பட்டாணி வீடு திரும்பியபோது பிஸ்கட் டப்பா கீழ்த் தட்டில் இருந்தது. தரையில் இரண்டு தட்டுகள், இரண்டும் சின்னத் தட்டுகள்.

"இனிமே நானும் இதுலயே சாப்பிட்டுக்கிறேன்" என்றாள் அக்கா, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

பட்டாணி அதில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் பெரிய தட்டைக் கொண்டுவந்து போட்டாள். "உங்க உசரத்துக்கு அது பத்தாதுக்கா. எனக்குச் சமமா எதுவும் வேணாம். என் பேச்சை நம்புங்க, அது போதும்."

அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. பட்டாணி அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி, அவளுக்கு வேண்டிய அளவு பரிமாறினாள்.