வண்டியிலிருந்து தாமே இறங்கிக்கொண்டவர்

‘வீடு கொடுத்தாலும் தங்கத் தெரியாதவள்’ என்று எங்கள் தெருவில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறார்கள். சொல்பவர்கள் தீயவர் அல்லர். நடந்ததை முழுதும் அறியாதவர்கள். அப்பேச்சு நிலைத்துவிட்டால், அவரைப் போன்ற இன்னொருவருக்கு இவ்வூரில் வீடு கிடைப்பது அரிதாகிவிடும். ஆகவே, கண்டதையும் கேட்டதையும் எழுதிவைக்கத் துணிந்தேன்.

பொன்னேரியில் நான் குடியிருக்கும் தெருவில், ஓர் அறக்கட்டளை ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்தது. மனநோயுற்று வீதியில் வாழ்ந்து, மருத்துவத்தால் ஓரளவு தேறிய நான்கு பெண்கள் அங்கே குடியமர்ந்தனர். அது காப்பகம் அன்று, வீடு. சமைப்பதும் சந்தைக்குச் செல்வதும் அவர்களே. வெளியிலிருந்து கதவைப் பூட்டும் வழக்கம் இல்லை. சிப்காட் ஆலை வேலையை விட்டு வந்த ஓர் அம்மையார், பொறுப்பாளராக அவர்களுடனேயே தங்கி, வேளை தவறாமல் மருந்து கொடுத்து வந்தார். அறக்கட்டளையின் உள்ளூர்க் குழுவில் நானும் ஓர் உறுப்பினன்.

நால்வருள் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொடர்வண்டி நிலையத்தின் நடைமேடையில் நெடுங்காலம் கிடந்தவர். வந்த புதிதில், துணிமூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு வாயிற்கதவின் அருகிலேயே உறங்குவார். அறைக்குள் சென்று படுக்கச் சில திங்கள் பிடித்தன. பிறகு ஒரு காலையில், தெருக்குழாயடியில் அவர் குரலை முதன்முதலாக உரக்கக் கேட்டேன். எதிர்வீட்டுப் பெண் அவரை மறித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, என் கொடத்த நவுத்திட்டு உன்னுத வெச்சிக்கினு கீற?”

“நான் விடியச்சொல்லவே வந்து நின்னுக்கினு கீறேன். நீ பவுடரு பூசிக்கினு வர்றதுக்குள்ள தண்ணி நின்னு பூடும்!”

குழாயடியே சிரித்தது. பொறுப்பாளர் என்னிடம் ஓடிவந்து, “சண்ட போட்டுச்சு சார்! இனிமே அது இந்தத் தெருக்காரிதான்” என்றார். அத்தனை மகிழ்ச்சியை அவர் முகத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

மேல்தளத்தில் வீட்டு உரிமையாளர் வாழ்ந்தார். பக்கத்துச் சிற்றூரில் நெல்வயல் உடையவர். பலரும் மறுத்தபோது வீடு தந்தவர். அவர் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. என்னிடம் வந்து கூச்சத்துடன் நின்றார்.

“தப்பா நென்ச்சிக்காதீங்க சார். மாப்ள ஊட்டுக்காரங்க கீழ யாருன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது? ஒரு நாளிக்கு அதுங்கள எங்கனா கூட்டிக்கினு போய்ட்டு வரச் சொல்லுங்க. வேன் நானே சொல்லிடறேன்.”

குழுவினர் இசைந்தோம். பொறுப்பாளர் அதனை இன்பமான நாளாக்கிவிட எண்ணினார். காரணம் தெரிந்தால் மனம் புண்படுமென்று, பழவேற்காட்டுக் கடற்கரைக்குச் சுற்றுலா என்று அன்று காலையில்தான் கூறினார். ஆளுக்கொரு புளிச்சோற்றுப் பொட்டலம் கையில் கொடுத்தார். மூவர் பூச்சூடி வண்டியில் ஏறினர். நடைமேடையிலிருந்து வந்தவரோ பொட்டலத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பின் உள்ளே சென்று, மூட்டையுடன் வந்தார்.

“பீச்சுக்குப் போறதுக்கு மூட்ட எதுக்கும்மா?” என்றார் பொறுப்பாளர். அவர் மூட்டையை அணைத்தபடி வண்டியில் ஏறினார்.

ஊரைக் கடந்ததும் தேநீருக்காக வண்டி நின்றது. குடித்துவிட்டுத் திரும்பியபோது அவரைக் காணவில்லை. இருக்கையில் பிரிக்காத பொட்டலம் மட்டும் இருந்தது. தேடுவதிலேயே பகல் கழிந்தது. மற்ற மூவரும் கடலைப் பார்க்கவில்லை. மேல்தளத்தில் சம்பந்தம் உறுதியாயிற்று.

மறுநாள் பொறுப்பாளரும் நானும் கும்மிடிப்பூண்டிக்குச் சென்றோம். பழைய நடைமேடையில், பழைய இடத்தில் அமர்ந்திருந்தார். பொறுப்பாளர் தரையில் அவரருகே அமர்ந்தார்.

“ஊட்டுக்கு வாம்மா. உன் கொடம் அப்டியே கீது.”

“முன்ன ஒரு தபா, எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கினு இருந்த எங்கள எல்லாம் இப்டித்தான் வேன்ல ஏத்தினாங்க. கைல சோத்துப் பொட்டலம் குடுத்தாங்க. ஆந்திரா பார்டராண்ட எறக்கி உட்டுட்டுப் பூட்டாங்க. அதான், நீ எறக்கி உடறதுக்குள்ள நானே எறங்கிக்கினேன்.”

“ஐயோ, சாயங்காலம் திரும்பி வந்திருப்போம்மா. சத்தியமா!”

“அப்போ எதுக்கு எங்கள திடீர்னு வேன்ல ஏத்தினீங்க?”

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். மறைக்க வழியில்லை. வீட்டு உரிமையாளரின் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வரவிருந்ததைச் சொன்னேன்.

அவர் சற்றே சிரித்தார். “முன்ன எங்கள ஏத்தினவனுங்களும் அதான் சொன்னானுங்க. யாரோ பெரியவங்க வர்றாங்கன்னு.”

பலமுறை சென்று அழைத்தும் அவர் வரவில்லை. அவர் அறை சில காலம் வெறுமையாகக் கிடந்தது. காத்திருந்த வேறொருவருக்குப் பின்னர் அளிக்கப்பட்டது. அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொறுப்பாளர் இன்றும் மருந்தை எடுத்துக்கொண்டு நடைமேடைக்குச் செல்கிறார். சில நாள் அவர் வாங்கிக்கொள்கிறார். சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நான் உடன் செல்லாத பகுதிகளைப் பிறர் கூறக் கேட்டே எழுதினேன். உரையாடல்களை நினைவிலிருந்து தந்துள்ளேன், பிறழ்ந்திருக்கலாம். அன்று உடனிருந்தோர் பிழை கண்டால் திருத்துமாறு வேண்டுகிறேன். அவர் எம்மை விட்டு நீங்கியதற்கு வேறு காரணம் அறிந்தவர் எவரேனும் இருந்தால், அதனையும் தயங்காது தெரிவியுங்கள். இக்காரணம் பிழையென்று மெய்ப்பிக்கப்படுமாயின், என்னைவிட மகிழ்வோர் இரார்.